வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு தம்பி ஓடலாமா?

வாசகர் கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தவள். என் தம்பிக்கு 22 வயது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அக்டோபர் மழையில் வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்தது. அவனுக்கும் நாலு நாளில் விட்டது. உடனே கிரவுண்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டான். ஒரு வாரம் கழித்து நடுராத்திரியில் நெஞ்சுவலி. முதலில் கேஸ் என்று மாத்திரை கொடுத்தார்கள். விடியற்காலையில் வலி கூடியதும் மதுரைக்குக் கொண்டுபோனோம். ஈசிஜியில் மாற்றம் இருக்கிறது, ட்ரோபோனின் (இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் புரதம்) அதிகம் என்று ஆஞ்சியோகிராம் செய்தார்கள். அடைப்பு எதுவும் இல்லை. எக்கோவில் பம்பிங் 42 சதவீதம். ‘வைரஸால் வந்த மயோகார்டைட்டிஸ்’, அதாவது இதயத் தசை அழற்சி, என்றார்கள். எந்த வைரஸ் என்று சொல்லவில்லை. எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் இதயத் தசையில் தழும்பு இருப்பதாக எழுதியிருக்கிறது. ராமிப்ரில், மெட்டோப்ரோலால் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது மூன்றரை மாதம் ஆகிறது. போன வாரம் எக்கோவில் பம்பிங் 56. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லி, எங்களுக்குத் தெரியாமல் ஓடப் போகிறான். மாத்திரையையும் அடிக்கடி விட்டுவிடுகிறான். சில நேரம் எழுந்து நின்றால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். அம்மாவோ அவனை மாடிப்படிகூட ஏற விடுவதில்லை. சித்தப்பா, கொரோனா தடுப்பூசியால்தான் இப்படி ஆனது என்கிறார். இது முழுதாகக் குணமாகுமா? ஓடலாமா? மாத்திரை எவ்வளவு காலம்? அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. அவருக்கும் அதே காய்ச்சல் வந்தது. அவர் இதயத்தையும் பார்க்க வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பி நாளைக் காலை கிரவுண்டுக்குக் கிளம்பினால் நிறுத்துங்கள். இன்றைய மாத்திரையைச் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். இந்த இரண்டையும் செய்துவிட்டு மீதியை நிதானமாகப் படிக்கலாம். மீதியில் நல்ல செய்திதான் அதிகம்.

பம்பிங் 42-இலிருந்து 56-க்கு வந்திருப்பது உண்மையிலேயே சந்தோஷப்பட வேண்டியது. பலர் இந்த எண்ணைப் பரீட்சை மார்க் மாதிரி எடுத்துக்கொண்டு ‘நூற்றுக்கு 56தானா’ என்று கவலைப்படுவார்கள். இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பதுதான் கணக்கு. நல்ல இதயமும் முழுவதையும் வெளியேற்றுவதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. இருவர் எக்கோ எடுத்தால் நாலைந்து புள்ளி முன்னே பின்னே வரும். ஆகவே அடுத்த முறை 53 என்று வந்தால் அலறவும் வேண்டாம், 59 என்று வந்தால் இனிப்பு வாங்கவும் வேண்டாம்.

என்ன நடந்தது என்பதைத் தம்பிக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். ரகசியமாக ஓடுகிறவரிடம் ‘ஓடாதே’ என்று மட்டும் சொன்னால், இன்னும் ரகசியமாக ஓடுவார்.

சாதாரணக் காய்ச்சலைத் தருகிற பல வைரஸ்களுக்கு இதயத் தசை வரை போகும் வழி தெரியும். காக்சாக்கி பி, அடினோ, பார்வோ பி19, இன்ஃப்ளூயன்சா, கொரோனா என்று பட்டியல் நீளம். நம் ஊரில் டெங்குவையும் சிக்குன்குனியாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காக்சாக்கி மாதிரியானவை தசைச் செல்லுக்குள்ளேயே நுழைந்துவிடும். உள்ளே போனதும் அது உண்டாக்கும் ஒரு நொதி, செல்லைத் தாங்கிப் பிடிக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்தையே வெட்டுகிறது. இன்ஃப்ளூயன்சாவிலும் கொரோனாவிலும் பெரும்பாலும் நம் எதிர்ப்பு சக்தி கிளப்பும் அழற்சிதான் அதிக சேதம் செய்கிறது. வைரஸை விரட்ட வந்த ரத்த அணுக்கள் இதயத் தசைக்குள்ளும் புகுந்து வேலையைக் காட்டிவிடும்.

இந்த அழற்சிக் கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் விட்ட பிறகே சூடுபிடிக்கும். அதனால்தான் நெஞ்சுவலி காய்ச்சலோடு வராமல் ஒரு வாரம் தள்ளி வந்தது. வீட்டில் எல்லோருக்கும் வந்த காய்ச்சல் இவர் ஒருவருக்கு மட்டும் ஏன் இதயத்துக்குப் போனது என்பதற்கு என்னால் திருப்தியான பதில் சொல்ல முடியாது. இளம் ஆண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது என்பது மட்டும் உலகம் முழுக்கப் பார்த்த உண்மை.

எந்த வைரஸ் என்று கண்டுபிடிக்காததைக் குறையாக நினைக்காதீர்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ரத்தக்குழாய் வழியாகக் கருவியை அனுப்பி, இதயத்திலிருந்தே சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். நிலைமை மோசமாகிக்கொண்டே போனாலோ, விபரீதமான துடிப்புக் கோளாறு வந்தாலோதான் அதைச் செய்வோம். தம்பிக்கு அது தேவைப்படவில்லை. வைரஸின் பெயர் தெரிந்திருந்தாலும் அவருக்குக் கொடுத்த சிகிச்சை ஏறக்குறைய இதேதான்.

அடுத்து, காய்ச்சல் விட்டதும் அவர் ஓடப் போனது. காக்சாக்கி வைரஸ் செலுத்திய எலிகளை நீந்த வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1970-இல் வெளியானது. சும்மா இருந்த எலிகளைவிட நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பல மடங்கு பெருகியிருந்தது, இறப்பும் கூடுதல். மனிதர்களிடம் இப்படிச் சோதித்துப் பார்க்க முடியாது. ஆனால் அழற்சி இருக்கும்போது கடும் பயிற்சி செய்வது எரிகிற இடத்தில் விசிறுகிற வேலை என்று இதய மருத்துவர்கள் கருதுவதற்கு இதுபோன்ற ஆய்வுகளே அடிப்படை. ஓடியதால்தான் தம்பிக்கு இது வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. வந்ததை அது கூட்டியிருக்கலாம், அவ்வளவுதான். அதைச் சொல்லி இனிமேல் அவரைத் திட்ட வேண்டாம்.

முழுதாகக் குணமாகுமா என்று கேட்டிருந்தீர்கள். இத்தாலியிலுள்ள பல மருத்துவமனைகள் சேர்ந்து, திடீர் மயோகார்டைட்டிஸ் வந்த 443 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2018-இல் முடிவை வெளியிட்டன. மருத்துவமனைக்கு வரும்போதே பம்பிங் 50-க்கு மேல் இருந்து, ரத்த ஓட்டமும் துடிப்பும் சீராக இருந்தவர்கள் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு. அவர்களில் ஐந்து வருடத்தில் இதயத்தால் இறந்தவரோ, மாற்று இதயம் தேவைப்பட்டவரோ ஒருவர்கூட இல்லை. பம்பிங் 50-க்குக் கீழே இருந்தவர்கள், துடிப்புக் கோளாறோடு வந்தவர்கள், ரத்த அழுத்தம் சரிந்து வந்தவர்கள் ஆகியோரில் இப்படி இறந்தவர்களும் மாற்று இதயம் தேவைப்பட்டவர்களும் சேர்ந்து ஐந்து வருடத்தில் 14.7 சதவீதம். ஆனால் அதில் பெரும்பகுதி, அதாவது 10.4 சதவீதம், முதல் 30 நாளுக்குள்ளேயே நடந்துவிட்டது.

உங்கள் தம்பி 42-உடன் வந்தவர். ஆகவே இரண்டாவது கூட்டத்தில்தான் நுழைந்தார். மறைத்துப் பயனில்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு ஆபத்தான முதல் மாதத்தைத் தாண்டிவிட்டார், பம்பிங்கும் ஏறிவிட்டது. அங்கே உள்ளவர்களில் நல்ல பக்கம் நிற்கிறார் என்று தைரியமாகச் சொல்லலாம். யாருக்குப் பின்னால் தொந்தரவு வருகிறது என்றால், பம்பிங் ஏறாமலே நின்றுவிடுகிறவர்களுக்கு. அவர்களுக்கு இதயம் மெல்ல மெல்ல விரிந்து, பலூன் மாதிரி தளர்ந்து, இதயச் செயலிழப்பு வரை போகலாம். சிலருக்கு இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி திரும்பத் திரும்ப வரும். அது படுத்தால் கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைகிற வலி. தொல்லை பிடித்த வியாதிதான், ஆனால் கோல்ச்சிசின் மாத்திரைக்குப் பெரும்பாலும் கட்டுப்படும். தம்பிக்கு இந்த இரண்டும் இப்போது இல்லை என்று உங்கள் கடிதத்தை வைத்து எண்ணுகிறேன்.

அவருக்கு மிச்சமிருப்பது அந்தத் தழும்பு.

எம்ஆர்ஐயில் கடோலினியம் என்ற மருந்தை ஊசி வழியாகச் செலுத்திச் சில நிமிடம் கழித்துப் படம் எடுப்பார்கள். சேதமான தசையில் அந்த மருந்து தங்கி வெள்ளையாகத் தெரியும். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வியாதியின் முதல் வாரங்களில் எடுத்த படத்தில் வெள்ளையாகத் தெரிவது எல்லாமே நிரந்தரத் தழும்பு கிடையாது. வீக்கமும் அழற்சியும் சேர்ந்துதான் அப்படிக் காட்டும். மாதங்கள் போகப் போகப் பலருக்கு அது சுருங்கும், சிலருக்குக் காணாமலே போகும். ஆகவே ‘தழும்பு’ என்று அன்று எழுதிய வார்த்தையை ஆயுள் தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறாவது மாதத்தில் ஒரு தடவை எம்ஆர்ஐ திரும்ப எடுத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும். செலவுதான், ஆனால் ஓட விரும்புகிற 22 வயதுக்காரருக்கு இந்தச் செலவு தேவையானது என்றே சொல்வேன்.

தழும்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். இடது கீழறையின் பக்கவாட்டுச் சுவரில், வெளி ஓரமாக இருந்தால் பொதுவாகச் சாதுவானது. இரண்டு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவரின் நடுப்பகுதியில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ரிப்போர்ட்டில் இது எழுதப்பட்டிருக்கும். அடுத்த முறை போகும்போது உங்கள் மருத்துவரிடம் ‘எந்தச் சுவரில்?’ என்று கேளுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், தழும்பு பம்பிங் எண்ணில் தெரியாது. இதயம் துடிப்பது மின்சாரத்தால். வாய்க்காலில் கல் கிடந்தால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போவது போல, தழும்பு உள்ள இடத்தில் மின்னோட்டம் சுற்றி வளைத்துப் போகும். சும்மா இருக்கும்போது அதனால் ஒன்றும் ஆகாது. அட்ரினலின் ஏறி, நாடித்துடிப்பு 180-ஐத் தொடும் நேரத்தில் அந்தச் சுற்றுப்பாதை ஒரு சுழலாக மாறினால், கீழறை தாறுமாறாகத் துடிக்க ஆரம்பிக்கும். மைதானத்தில் இளைஞர்கள் திடீரென்று சரிந்து விழும் காரணங்களில் இதுவும் ஒன்று. தம்பி ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்வது பொய் கிடையாது. அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இதன் குணம்.

அதனால் ஓட்டத்துக்கு வழக்கமாக 3 முதல் 6 மாதம் வரை தடை போடுகிறோம். லேசாக வந்து போனவர்களுக்கு, எல்லாச் சோதனையும் சரியாக இருந்தால் இதைக் குறைக்கலாம் என்ற பேச்சு மேலை நாடுகளில் வந்திருக்கிறது. பம்பிங் 42 வரை இறங்கி, எம்ஆர்ஐயிலும் தழும்பு காட்டிய ஒருவருக்கு நான் அந்தச் சலுகையைத் தரமாட்டேன். அவருக்கு ஆறு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருத்துவர் நேரில் பார்த்து வேறு சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பயிற்சி உள்ளவருக்கு அது பெரிய வேகம் இல்லை என்று தம்பி வாதாடலாம். ஆனால் மூன்றரை மாதம் உடல் தளர்ந்தவருக்கு அது ஏறக்குறைய உச்சபட்சத் துடிப்பில் ஓடுகிற ஓட்டம். கூடவே பக்கத்தில் ஓடுகிறவனை முந்த வேண்டும் என்ற வெறியும், தேர்வு பயமும். அதன் பிறகு கயிறு வேறு ஏற வேண்டும். சோதனை செய்து பார்க்காத இதயத்தை முதன்முதலில் சோதிக்கும் இடம் அதுவாக இருக்கக் கூடாது.

ஆறாவது மாதம் முடிந்ததும் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். எக்கோவில் பம்பிங் நிலையாக இருக்க வேண்டும். ரத்தத்தில் ட்ரோபோனினும், அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் இயல்பாக இருக்க வேண்டும். ஹோல்டர் என்கிற சின்னக் கருவியை 24 மணி நேரம் நெஞ்சில் மாட்டிக்கொண்டு, துடிப்பில் கோளாறு வருகிறதா என்று பார்ப்போம். அப்புறம் டிரெட்மில் டெஸ்ட், அதுவும் ஐந்து நிமிடத்தில் நிறுத்தாமல், அவர் களைத்துப்போகும் வரை. எம்ஆர்ஐயைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன். எல்லாம் சரி என்றால் முதல் வாரம் வேக நடை, பிறகு மெல்லோட்டம், அதற்குப் பிறகுதான் கடிகாரம் வைத்து ஓட்டம். இடையில் படபடப்போ தலைசுற்றலோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுத் திரும்ப வர வேண்டும்.

கால்பந்து பார்ப்பவராக இருந்தால் அல்போன்சோ டேவிஸைத் தம்பிக்குத் தெரிந்திருக்கும். பேயர்ன் மியூனிக் அணிக்காகவும் கனடாவுக்காகவும் ஆடுகிறவர். 2022 ஜனவரியில் கொரோனாவுக்குப் பிறகு அவருக்கு லேசான மயோகார்டைட்டிஸ் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அப்போது அவருக்கு வயது 21. ஏப்ரல் வரை ஆட விடவில்லை. 1986-க்குப் பிறகு முதல்முறையாகக் கனடா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாளில் அவர் மைதானத்தில் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் கத்தாரில் குரோஷியாவுக்கு எதிராக, உலகக் கோப்பையில் கனடா ஆண்கள் அணியின் முதல் கோலை அடித்தது அவர்தான். அவ்வளவு விலைமதிப்புள்ள ஆட்டக்காரரையே மாதக்கணக்கில் உட்கார வைத்தார்கள் என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள்.

இந்தத் தடவை தேர்வு கைநழுவிப் போகலாம். அது சின்ன இழப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 22 வயதில் அடுத்த அறிவிப்புக்குக் காத்திருக்க முடியும். பிறகு தேர்வாகும்போது மருத்துவப் பரிசோதனையில் இதை மறைக்க வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ, எம்ஆர்ஐ, டிரெட்மில் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். குணமானதற்கான ஆதாரம் கையில் இருப்பது, மறைத்துவிட்டுப் பயிற்சிப் பள்ளியில் மயங்கி விழுவதைவிட எவ்வளவோ மேல்.

இனி மாத்திரை. இந்த மாத்திரைகள் வைரஸைக் கொல்ல வந்தவை கிடையாது. இதயத்தின் சுமையைக் குறைத்து, அது விரிந்து போகாமல் பழைய வடிவத்துக்குத் திரும்ப இடம் கொடுப்பவை. பம்பிங் ஏறியதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. இதயம் விரிந்து பலவீனமாகி, பிறகு மருந்தால் முழுதாகத் தேறிய 51 பேரை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. ‘சரியாகிவிட்டதே, மருந்தை நிறுத்திப் பார்ப்போமா?’ என்பதுதான் கேள்வி. மருத்துவக் கண்காணிப்பில் படிப்படியாக நிறுத்தியும், 25 பேரில் 11 பேருக்கு ஆறு மாதத்துக்குள் இதயம் மறுபடி பலவீனமானது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் அந்தக் காலத்தில் ஒருவருக்கும் அப்படி ஆகவில்லை. அவர்கள் வியாதி தம்பியுடையதோடு அச்சு அசலாக ஒன்று கிடையாது. நீண்ட நாள் பலவீனமாக இருந்த இதயங்கள் அவை. தம்பிக்கு ஒருநாள் மாத்திரையைக் குறைத்து நிறுத்துகிற வாய்ப்பு அவர்களைவிட அதிகம். ஆனால் அந்த நாளைக் குறிக்க வேண்டியவர் அவருடைய மருத்துவர். ஆறாம் மாதச் சோதனைகளுக்கு முன்னால் அந்தப் பேச்சே வேண்டாம்.

அதிலும் மெட்டோப்ரோலாலை விட்டு விட்டுச் சாப்பிடுவது, சாப்பிடாமலே இருப்பதைவிடச் சில சமயம் மோசம். துடிப்பை அடக்கி வைத்திருக்கும் மருந்து அது. இரண்டு நாள் திடீரென்று விட்டால் அடங்கியிருந்த துடிப்பு துள்ளிக்கொண்டு கிளம்பும். எழுந்து நின்றால் படபடப்பு என்கிறாரே, அது மாத்திரை விட்ட நாட்களில்தானா என்று ஒரு காகிதத்தில் குறித்துப் பாருங்கள். பாதிப் புதிர் அங்கேயே அவிழலாம்.

படபடப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ராமிப்ரிலால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கி, அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கலாம். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, முக்கியமாகக் கொரோனாவுக்குப் பிறகு, தானியங்கி நரம்புகள் தடுமாறிப்போய், படுத்திருக்கும்போது சரியாக இருக்கும் துடிப்பு நின்றதும் எகிறுகிற நிலையும் சிலருக்கு வருகிறது. வீட்டிலேயே பார்க்கலாம். பத்து நிமிடம் படுக்க வைத்து நாடியை எண்ணுங்கள். பிறகு நிற்க வைத்து இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது நிமிடங்களில் எண்ணுங்கள். பி.பி. கருவி இருந்தால் அதையும் குறியுங்கள். அழுத்தம் இறங்காமல் துடிப்பு மட்டும் 30-க்கு மேல் கூடினால் இந்த நரம்புத் தடுமாற்றமாக இருக்கலாம். தொல்லை தரும், உயிருக்கு ஆபத்து கிடையாது. தண்ணீர், உப்பு, படுத்தும் உட்கார்ந்தும் செய்கிற பயிற்சிகள் என்று அதற்கு வழி இருக்கிறது. ஆனால் இதயம் பலவீனப்பட்டு மருந்தில் இருப்பவர் தானாக உப்பைக் கூட்டக் கூடாது. எண்ணி எழுதிய காகிதத்தோடு மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதம் காத்திருக்காமல் இப்போதே ஒரு ஹோல்டர் எடுத்துவிடலாம் என்பது என் கருத்து, ஏனென்றால் தழும்பு உள்ளவரின் படபடப்பை ‘நரம்புதான்’ என்று ஊகித்து விட்டுவிட முடியாது.

இன்னும் சில விஷயங்களைத் தம்பியிடம் நேராகவே கேளுங்கள். பயிற்சிக்குப் போகும் இடத்தில் யாராவது புரோட்டீன் பவுடர், எனர்ஜி டிரிங்க், ஊசி என்று எதையாவது கொடுத்தார்களா? உடம்பு வலிக்கு மெடிக்கலில் ‘ஒரு செட் மாத்திரை’ வாங்கிப் போடுகிறாரா? அந்தச் செட்டில் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை அநேகமாக இருக்கும். அது இந்த இதயத்துக்கு நல்லதில்லை, ராமிப்ரிலோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை. காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும். மது இந்தக் காலத்தில் அறவே கூடாது. ‘எப்போதாவது ஒரு பீர்’ என்பதும் இதில் அடக்கம்.

குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்வி. உங்கள் உறவில் யாராவது 40 வயதுக்குள் திடீரென்று, தூக்கத்திலோ விளையாடும்போதோ இறந்திருக்கிறார்களா? பரம்பரையாக வரும் சில இதயத் தசை நோய்கள் மயோகார்டைட்டிஸ் வேஷத்தில் வந்து நிற்கும். ட்ரோபோனின் ஏறும், எம்ஆர்ஐயில் தழும்பு தெரியும், ஆஞ்சியோகிராம் சுத்தமாக இருக்கும். அப்படி ஒருவர் இருந்தால் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள். கதையே மாறிவிடும், உங்களையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டிவரும்.

சித்தப்பாவுக்கு வருகிறேன். கொரோனா தடுப்பூசியால் மயோகார்டைட்டிஸ் வருவது கட்டுக்கதை கிடையாது. ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ வகைத் தடுப்பூசிக்குப் பிறகு, அதிகமாக இளம் ஆண்களுக்கு, இரண்டாவது தவணை போட்ட சில நாட்களுக்குள் அரிதாக வந்திருக்கிறது. நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் போட்டுக்கொண்டதோ கோவிஷீல்டும் கோவாக்சினும். அவை அந்த வகை கிடையாது. எப்போதோ போட்ட ஊசி, இந்த அக்டோபரில் காய்ச்சல் வந்த அடுத்த வாரம் பார்த்து வேலை செய்தது என்பது பொருந்தவில்லை. ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாடு முழுக்க 47 மருத்துவமனைகளில் 18 முதல் 45 வயது வரையிலானவர்களின் காரணம் புரியாத திடீர் மரணங்களை ஆராய்ந்து 2023-இல் முடிவை வெளியிட்டது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை எவை தெரியுமா? கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம், இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் மிதமிஞ்சிய குடி, அதே 48 மணி நேரத்தில் கடுமையான உடற்பயிற்சி. இதைச் சித்தப்பாவிடம் காட்டுகிற கையோடு தம்பியிடமும் காட்டுங்கள்.

அப்பாவின் விஷயம் வேறு ரகம். அவர் வயதில், அதுவும் சர்க்கரை இருக்கும்போது, நான் பயப்படுவது மயோகார்டைட்டிஸுக்கு இல்லை, மாரடைப்புக்கு. கனடாவின் ஒன்டாரியோவில் நடந்த ஆய்வொன்று 2018-இல் வெளியானது. இன்ஃப்ளூயன்சா உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு. ரத்தக்குழாயில் ஏற்கெனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு, காய்ச்சலின் அழற்சியில் வெடித்துவிடுவது ஒரு முக்கியக் காரணம். அப்பா அந்த வாரத்தை எப்போதோ தாண்டிவிட்டார். கொரோனாவாக இருந்திருந்தால் நிழல் இன்னும் நீளம். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் ஒன்றரை லட்சம் பேரை ஒரு வருடம் கவனித்ததில், கொரோனா வராதவர்களைவிட வந்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு 72 சதவீதம் கூடுதலாக இருந்தது. அவருக்கு ஒரு ஈசிஜி, ரத்த அழுத்தம், கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் வலியே இல்லாமல் வரலாம். முன்பு சுலபமாக ஏறிய படியில் இப்போது மூச்சு வாங்குகிறது என்றால் எக்கோவும் எடுக்க வேண்டும். வருடா வருடம் செப்டம்பர் வாக்கில், மழைக்கு முன்னால், அவருக்கு இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போடுங்கள். தம்பிக்கும் போடலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேளுங்கள். போடச் சொல்வார் என்றே நினைக்கிறேன்.

அம்மாவிடம் மாடிப்படியை விட்டுவிடச் சொல்லுங்கள். பம்பிங் 56 உள்ள இளைஞர் வீட்டுப் படி ஏறலாம், கடைக்குப் போகலாம், பைக் ஓட்டலாம். பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். மூச்சு வாங்கிப் பேச முடியாமல் போனால் அது எல்லை. எடை தூக்குவது, தண்டால், கபடி, வாலிபால் எல்லாம் ஆறு மாதத்துக்குப் பிறகு. அவரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால், பயத்திலேயே நோயாளி ஆகிவிடுவார், இல்லையென்றால் சுவர் ஏறிக் குதித்து ஓடுவார். இரண்டாவதை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார் என்று தெரிகிறது. நடைக்கு அனுமதி கொடுத்தால் ஓட்டத்தை நிறுத்துவது சுலபம்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது இது. உழைக்கும்போது மயக்கம் போட்டால், நெஞ்சுவலி திரும்பினால், படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார வேண்டியிருந்தால், படபடப்பு சில நிமிடத்தில் அடங்காமல் கண் இருட்டினால், ‘கேஸாக இருக்கும்’ என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கால் வீங்கினாலோ, இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினாலோ மறுநாளே மருத்துவரிடம் போங்கள். திரும்பக் காய்ச்சல் வந்தால், எந்தக் காய்ச்சலாக இருந்தாலும், விட்ட பிறகு குறைந்தது இரண்டு வாரம் நடையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

அடுத்த பரிசோதனைக்கு மதுரை போகும்போது பழைய எம்ஆர்ஐ படத்தின் சிடியையும் கையோடு எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. புதுப் படத்தைப் பழையதோடு வைத்து ஒப்பிட்டால்தான் தழும்பு சுருங்கியிருக்கிறதா என்று சொல்ல முடியும். தம்பியையே உள்ளே அனுப்பி, கேள்விகளை அவரே கேட்கட்டும்.